இனாயத் கானின் திண்டுகள்

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஓவியம் எதுன்னு யாராவது கேட்டா, பதில் சொல்லக் கொஞ்சம் தயக்கமா இருக்கும். வீட்ல ஒருமுறை அதை லேப்டாப்பில் வால்பேப்பரா வச்சிருந்தேன். "இதைத்தான் தினமும் காலையில பாக்கணுமா?"ன்னு கேட்டாங்க. எடுத்துட்டேன். அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு. அது சாகப்போற ஒரு மனுஷனோட படம்.

ஆங்கிலத்தில் அந்தப் படத்துக்கு "இறந்துகொண்டிருக்கும் இனாயத் கான்" என்பது போலத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். 1618-ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் உத்தரவின் பேரில் வரையப்பட்டது. எட்டு வருஷமா இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துட்டு இருக்கேன். ஏன் பார்க்கிறேன் என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. ஆலத்தியூரில் என் மாமா கடைசியாகப் படுத்திருந்த திண்ணை அது. அதைப் பிறகு சொல்றேன். முதலில் படம்.

இரண்டு படங்கள்

இனாயத் கானுக்கு இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, மையில் மெல்லிய வண்ணப்பூச்சோடு வரைந்த கோட்டோவியம். அது இப்போது அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று முழு வண்ண ஓவியம். அது இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், ஊஸ்லி தொகுப்பில் இருக்கிறது. கோட்டோவியம் ஆளை நேரில் பார்த்து வரைந்தது, வண்ண ஓவியம் அதை வைத்துப் பிறகு செய்தது என்பதுதான் பொதுவான கருத்து. இரண்டையும் வரைந்தவர் பால்சந்த் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் என மூன்று அரசர்களிடமும் வேலை பார்த்த ஓவியர் அவர். அவருடைய சகோதரர் பயாகும் அரண்மனை ஓவியர்தான்.

பாஸ்டன் படத்துக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. கோலுபேவ் என்பவரின் சேகரிப்போடு 1914-ல் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்த படம் அது. மூன்று வருஷம் கழித்து, 1917-ல், அங்கே இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராகச் சேர்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். அந்த அருங்காட்சியகத்தின் முகலாய ஓவியங்களுக்கான விவரப் பட்டியலை 1930-ல் வெளியிட்டவரும் அவர்தான்.

படத்தில் என்ன இருக்கிறது? ஒரு ஆள் திண்டுகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மேலங்கி திறந்து கிடக்கிறது. நெஞ்சுக்கூட்டின் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கழுத்து நரம்பு கயிறு போலத் தெரிகிறது. கை, தோல் சுற்றிய குச்சி. கன்னம் உள்ளே போய்விட்டது. தலையில் குல்லா இருக்கிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை. படத்தில் வேறு ஆளே இல்லை. முகலாய ஓவியத்துக்கு இது ரொம்ப விசேஷம். தர்பார் காட்சிகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு சாண் தாளில் ஐம்பது முகம் இருக்கும். இங்கே ஒரே ஒரு ஆள். வண்ண ஓவியத்தில் விரிப்பு, சுவர் என ஒரு அறையாவது இருக்கிறது. கோட்டோவியத்தில் அதுவும் இல்லை. வெறும் தாள்தான்.

ஜஹாங்கீர் எழுதி வைத்தது

இந்தப் படத்தை நாம் புரிந்துகொள்ள முடிவதற்கு முக்கியக் காரணம், படத்தை வரையச் சொன்னவரே அந்த நாளைப் பற்றி எழுதி வைத்திருப்பதுதான். ஜஹாங்கீர் பாரசீக மொழியில் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். ஜஹாங்கீர்நாமா என்றும் துசுக்-இ-ஜஹாங்கீரி என்றும் சொல்வார்கள். அதில் 1618-ம் ஆண்டுப் பகுதியில் இந்தச் சம்பவம் வருகிறது. அரசர் அப்போது குஜராத்திலிருந்து ஆக்ராவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்.

அவர் சொல்வதை என் வார்த்தையில் சுருக்கிச் சொல்றேன். இனாயத் கான் அரசருக்கு நெருக்கமான பணியாளர். அபின் பழக்கம் உண்டு. வாய்ப்பு கிடைத்தால் மதுவும் குடிப்பார். போகப் போகக் குடி முற்றிவிட்டது. உடம்பு ஏற்கனவே பலமில்லாத உடம்பு. வயிற்றுப்போக்கு வந்தது, இரண்டு மூன்று முறை மயங்கி விழுந்தார். அரசர் ஹகீம் ருக்னாவை அனுப்பி வைத்தியம் பார்க்கச் சொன்னார். பலனில்லை. பிறகு விநோதமான ஒரு பசி வந்தது. ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிடாதே என்று ஹகீம் எவ்வளவு சொல்லியும் அவரால் அடக்க முடியவில்லை. கடைசியில் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. நம்ம ஊர்ல மகோதரம்னு பெரியவங்க சொல்வாங்களே, அந்த மாதிரி. இன்னிக்கு ஒரு டாக்டர் இதைப் படிச்சா முதல்ல கல்லீரலைத்தான் சந்தேகப்படுவார்னு நினைக்கிறேன்.

இந்த நிலையில், ஆக்ராவுக்குப் போக அனுமதி வேண்டும் என்று இனாயத் கான் விண்ணப்பித்தார். நேரில் வந்து விடைபெற்றுப் போகட்டும் என்றார் அரசர். பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பார்த்ததும் அரசர் திகைத்துப் போனார். எலும்பின் மேல் தோல் போர்த்தியது போல இருக்கிறார் என்று எழுதுகிறார். உடனே தன்னைத் தானே திருத்திக்கொள்கிறார்: எலும்பும் கூடக் கரைந்துபோயிருந்தது. மெலிந்த உருவத்தை வரைய ஓவியர்கள் எவ்வளவோ மிகைப்படுத்துவார்கள், ஆனால் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, மனிதப் பிறவி இப்படியும் ஆகுமா என்று கேட்கிறார். இது அபூர்வமான ஒன்று என்பதால் ஓவியர்களை வரையச் சொன்னதாகச் சொல்கிறார்.

அடுத்த நாள் இனாயத் கான் இறந்துவிட்டார். ஆக, ஓவியருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

இரக்கமா, வேடிக்கையா?

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற பலரும் இங்கேதான் ஜஹாங்கீரைப் பிடித்துக்கொள்வார்கள். சாகிற மனுஷனைத் தூக்கி வரச் சொல்லி, அவன் எதிரே ஓவியரை உட்கார வைத்து வரையச் சொல்வது என்ன மனசு?

அந்தக் கேள்விக்கு ஆதாரமும் இருக்கிறது. ஜஹாங்கீருக்கு விநோதங்கள் என்றால் உயிர். 1612-ல் கோவாவிலிருந்து வான்கோழி வந்தது. அதுவரை அவர் பார்க்காத பறவை. உடனே வரையச் சொன்னார். 1621-ல் வரிக்குதிரை வந்தது. யாரோ சாயம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் நினைத்தார்கள். அதையும் உஸ்தாத் மன்சூர் வரைந்தார். அதே 1621-ல் ஜலந்தர் பக்கம் வானத்திலிருந்து ஒரு இரும்புக்கல் விழுந்தது. தோண்டி எடுத்து, எடை போட்டு, அதிலிருந்து வாள் செய்ய வைத்தார். லைலா, மஜ்னூன் என்று பெயர் வைத்து ஒரு ஜோடி சாரஸ் கொக்குகளை வளர்த்து, அவை முட்டையிட்டு அடைகாத்ததை நாள் தவறாமல் குறித்து வைத்தார். வான்கோழி, வரிக்குதிரை, எரிகல், அந்த வரிசையில் இனாயத் கான். இப்படித்தான் அந்த வாதம் போகும்.

நான் பார்க்கிற வேலையில் ஒரு சர்வர் விழுந்தால், எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, முதல் அறிகுறி எது, யார் என்ன செஞ்சாங்க. உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. முதல் தடவை படித்தபோது ஜஹாங்கீரின் அந்தப் பத்தி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மயக்கம், பசி, வீக்கம், மரணம் என்று வரிசையாக ஒரு லாக்.

ஆனால் அதே இடத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் பல சமயம் அதை விட்டுவிடுகிறார்கள். வரைய உத்தரவிட்டதோடு ஜஹாங்கீர் நிறுத்தவில்லை. இந்த நேரத்தில் ஒரு மூச்சுகூட இறைவனை நினைக்காமல் விடாதே, அவன் கருணையில் நம்பிக்கை இழக்காதே என்று இனாயத் கானிடம் சொல்கிறார். உன் பின்னால் விட்டுப்போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே, செய்த சேவை சின்னதானாலும் எங்களிடம் அது பெரிது என்கிறார். வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புகிறார். வான்கோழியிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

அரசரும் அதே பழக்கக்காரர்தான்

இனாயத் கானைத் திகைத்துப் பார்த்தபோது ஜஹாங்கீருக்கு வயது 49. அவர் எப்படிப்பட்ட குடிகாரர் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

18 வயதில் ஆரம்பித்த பழக்கம். மெல்ல மெல்ல அதிகமாகி, திராட்சை மது போதவில்லை என்று இரண்டு முறை காய்ச்சி வடித்த சாராயத்துக்குப் போனார். ஒரு கட்டத்தில் நாளுக்கு 20 கிண்ணம். பகலில் 14, மிச்சம் ராத்திரி. கை நடுக்கத்தில் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல், வேறொருவர் பிடித்துக்கொள்ள, அவர் குடித்திருக்கிறார். அக்பரின் வைத்தியர்களில் ஒருவரான ஹகீம் ஹுமாம் நேரடியாகச் சொன்னார்: இப்படியே போனால் ஆறு மாசம், அதற்குப் பிறகு மருந்து கிடையாது. பயந்துபோய்க் குறைத்தார். ஏழு வருஷம் ஆகித்தான் ஆறு கிண்ணத்துக்கு வந்தார். கூடவே அபினும் உண்டு.

பட்டத்துக்கு வந்ததும் அவர் போட்ட 12 உத்தரவுகளில் ஒன்று, நாட்டில் மது காய்ச்சவோ விற்கவோ கூடாது என்பது. அந்த உத்தரவை எழுதிய இடத்திலேயே, நான் மட்டும் 18 வயதிலிருந்து குடிக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். கையில் மதுக்கிண்ணத்தோடு தன் உருவத்தைப் பொறித்துத் தங்க நாணயமும் வெளியிட்டார். ஆளை மதிப்பிடுவது கஷ்டம்தான்.

அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் குடியால்தான் செத்தார்கள். முராத் 1599-ல். தானியால் 1605-ல், அக்பர் இறந்த அதே வருஷத்தில். தானியால் செத்த கதையை ஜஹாங்கீர் சொல்வது படிக்கவே கஷ்டமாக இருக்கும். குடிக்க விடாமல் காவல் போட்டிருந்தார்கள். தானியால் தன் துப்பாக்கிக்காரன் ஒருவனிடம் கெஞ்சி, துப்பாக்கிக் குழலுக்குள் சாராயத்தை ஊற்றி ரகசியமாகக் கொண்டுவரச் செய்தார். குழலில் இருந்த மருந்துக் கசடும் துருவும் கரைந்த சாராயம். குடித்தார், படுத்தார், எழுந்திருக்கவில்லை. தானியாலுக்கு ரொம்பப் பிடித்த துப்பாக்கி அது. அதற்கு அவரே வைத்த பெயரில் ஜனாஸா என்ற சொல் இருந்தது. நம்ம ஊர் முஸ்லிம்கள் இன்றும் சொல்கிற அதே ஜனாஸாதான்.

இரண்டு தம்பிகளைக் குடிக்குக் கொடுத்தவர், தானும் ஆறு மாசக் கெடு வாங்கி மீண்டவர். அவர் முன்னால் ஒரு பல்லக்கு வந்து இறங்குகிறது. உள்ளே இனாயத் கான். மனிதப் பிறவி இப்படியும் ஆகுமா என்று அவர் கேட்டது வேடிக்கை பார்க்கிறவனின் கேள்வி இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஹகீம் ஹுமாம் சொன்ன அந்த ஏழாவது மாசம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் நேரில் பார்த்துவிட்டார். அதைத்தான் வரைந்து வைக்கச் சொன்னார்.

1622-ல் உடல்நிலை மோசமாகி, குறிப்பு எழுதும் வேலையை முதமித் கான் என்பவரிடம் கொடுத்துவிட்டார். 1627 அக்டோபரில் காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில் இறந்தார். 40 வருஷம் கூடவே இருந்த அபினும் கடைசி நாட்களில் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. சில கிண்ணம் திராட்சை மது மட்டும்தான் உள்ளே போனது. இதை எழுதி வைத்தவரும் முதமித் கான்தான்.

சில வருஷங்களாக இந்தப் படத்தைப் பற்றி நான் நண்பர்களிடம் சொல்லிவந்த விளக்கம் இதுதான். இது ஒரு குடிகார அரசன் தன்னையே வரையச் சொன்ன படம். இப்பவும் அது தப்புன்னு நினைக்கலை. ஆனா அது பாதிதான்.

காரைக்கால் அம்மையார் வேறு

மிச்சப் பாதிக்குப் போகும் முன் ஒரு ஒப்பீடு. மெலிந்த உடம்பு நம் கலைக்குப் புதிதில்லை. எங்க மாவட்டத்திலேயே இருக்கு. கங்கைகொண்ட சோழபுரம் போறவங்க தெற்குச் சுவரில் உள்ள நடராஜர் சிற்பத்தைக் கீழ்வரை பார்க்கணும். ஆடுகிற பாதத்துக்குக் கீழே காரைக்கால் அம்மையார் இருப்பார். விலா எலும்பு, ஒட்டின வயிறு, வற்றின மார்பு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தப்ப "பேய்டா"ன்னு சொல்லிச் சிரிச்சோம்.

ஆனால் அந்த மெலிவு கேட்டு வாங்கியது. இந்த அழகும் தசையும் வேண்டாம், பேய் உரு கொடு என்று அம்மையார் இறைவனிடம் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காந்தாரப் பாணிப் பட்டினி புத்தரும் அப்படித்தான். நரம்பெல்லாம் வெளியே தெரியும், ஆனால் அது அவர் ஏற்றுக்கொண்ட தவம். இந்த உருவங்களில் எலும்பு ஒரு வெற்றிச் சின்னம். தாளம் போடும் அம்மையாரின் முகத்தில் சந்தோஷம்தான் இருக்கிறது.

இனாயத் கான் எதையும் கேட்கவில்லை. அவர் எலும்பு எதற்கும் சின்னம் இல்லை. வெறும் எலும்பு. ஒரு தத்துவமும் துணைக்கு இல்லாமல், தோற்றுப்போன ஒரு உடம்பை அப்படியே பார்த்து வரைந்த படம் அதற்கு முன் நம் நாட்டில் இருந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

திண்ணை

இப்போ மாமா.

அம்மாவின் தம்பி. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினவர். எங்க பகுதி முழுக்க ஒரு காலத்தில் கடல். பள்ளத்தில் தோண்டினா சிப்பியும் சங்கும் கல்லாக் கிடைக்கும். எனக்கு வரலாற்றில் ஆர்வம் வந்ததே மாமா லாரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அந்தக் கல் சிப்பியாலதான். ராத்திரி ஷிப்ட், உடம்பு வலி, அதுக்கு ஒரு கட்டிங். அப்படித்தான் ஆரம்பிச்சது. நான் என்ஜினீயரிங் முடிச்சு சென்னைக்கு வந்தப்ப அது கட்டிங்கா இல்லை.

2013-ல் தைப்பொங்கலுக்குப் போனேன். திருச்சியில் ஆஸ்பத்திரியில் பார்த்துட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. திண்ணையில் தலையணைகளில் சாய்ச்சு உட்கார வச்சிருந்தாங்க. சட்டை பட்டன் போடலை. எனக்கு என்ன தோணுச்சுன்னு இன்னிக்கும் சரியாச் சொல்லத் தெரியலை. போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"காட்டுடா."

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "யாருடா இது?"ன்னு கேட்டுட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். அத்தை வாசல்லேந்து பார்த்துட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. ஒன்பது நாள் கழிச்சு மாமா போயிட்டார். சட்டம் போட்டு மாட்ட, லைசென்சில் இருந்த பழைய போட்டோவைப் பெரிசு பண்ணினோம். மீசையோட, கொழுகொழுன்னு.

இரண்டு வருஷம் கழிச்சு அத்தை கேட்டாங்க, "தம்பி, அன்னிக்கு நீ மாமாவை ஒரு போட்டோ புடிச்சியே, அது இருக்கா?" நான் பொய் சொன்னேன். "போன் மாத்தினப்ப அழிஞ்சுபோச்சு அத்தை." அழியலை. அந்தப் படத்தை அவங்க பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன். உண்மையச் சொன்னா, அதை எடுத்தவன் நான்னு அவங்க நினைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் ஒரு புத்தகத்தில் இனாயத் கான் எதிர்ல வந்தார். ஜஹாங்கீர் செய்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷம் நான் தேடினது யாருக்காகன்னு உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் ஊருக்குப் போனப்ப மனசு கேக்கலை. "அந்தப் போட்டோ என்கிட்டத்தான் இருக்கு அத்தை, அழியலை"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அழுவாங்க, இல்ல திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுட்டுக் கிட்ட வந்து பார்த்தாங்க. மாமாவோட முகத்தை இல்லை. விரல் முதுகுப்பக்கம் போச்சு.

"இந்தத் தலகாணி உங்கம்மா குடுத்தது. இலவம்பஞ்சு. முதுகெலும்பு குத்துது குத்துதுன்னு கத்துவாரு. ரெண்டை ஒண்ணாச் சேத்துக் கட்டி வச்சேன். முழங்காலுக்குக் கீழ வேட்டியச் சுருட்டி வச்சிருக்கேன் பாரு. அப்பதான் கொஞ்சம் கண்ணு மூடுவாரு."

அப்புறம் சொன்னாங்க, "இதை முன்னாடியே குடுத்திருக்கலாம்ல. நான் ஒண்ணும் பாக்காமப் போட்டுடலைன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும்."

மாமாவைச் சரியாப் பார்த்துக்கலைன்னு சொந்தக்காரங்க சிலர் பேசினது அத்தை மனசுல அத்தனை வருஷமா இருந்திருக்கு. அதுக்குப் பதில் என் ஹார்ட் டிஸ்கில் இருந்திருக்கு. நான் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டு இருந்தேன்.

திரும்பப் படத்துக்கு

சென்னை வந்ததும் இனாயத் கானைத் திறந்தேன். எட்டு வருஷமாப் பார்த்த படம். இந்த முறைதான் திண்டுகளைப் பார்த்தேன்.

முகலாயப் படங்களில் திண்டு புதுசு இல்லை. அரசரும் அமீரும் திண்டில் சாய்ந்துதான் இருப்பார்கள். அங்கே அது சுகத்தின், அந்தஸ்தின் அடையாளம். எடுத்துவிட்டாலும் அவர்கள் நேராக உட்கார்ந்திருப்பார்கள். இனாயத் கானின் திண்டை எடுத்தால் அவர் சரிந்துவிடுவார். படத்தில் கனமான, உருண்டையான, நிரம்பிய பொருள் என்று இருப்பது திண்டுகள் மட்டும்தான். மனுஷன் வற்றிப்போயிருக்கிறார், திண்டு உப்பியிருக்கிறது. இது வெறும் முரண் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது பார்க்கும்போது, அந்த உடம்பின் எடை ஒவ்வொரு இடத்திலும் எதன் மேல் இறங்குகிறது என்பதை ஓவியர் கவனித்து வரைந்திருப்பது தெரிகிறது. முகலாய ஓவியர்கள் அணில் வால் முடியில் செய்த தூரிகையால், ஒட்டித் தடிப்பாக்கிய தாளில், பொறுமையாக வரைபவர்கள். ஒரு நாள் மட்டுமே பார்க்கக் கிடைத்த ஆளை வரையும்போது, விலா எலும்புக்குக் கொடுத்த அதே கவனத்தைத் திண்டின் மடிப்புக்கும் கொடுத்திருக்கிறார்.

நடக்க முடியாமல் பல்லக்கில் வந்தவர் அவர். அந்தத் திண்டுகளை அவரே வைத்துக்கொண்டிருக்க முடியாது. யாரோ ஒருவர் அவரைத் தூக்கிச் சாய்த்து, முதுகுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். அந்த ஆள் படத்தில் இல்லை. ஜஹாங்கீரின் எழுத்திலும் இல்லை. ஆனால் அவர் கைவேலை படத்தில் இருக்கிறது. நான் தனியாள் படம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அது சரியில்லை. கொஞ்ச நேரம் முன்புவரை அந்த அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார்.

ஒரு படம் நம்மை உலுக்குவதற்கு முகபாவம்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். இனாயத் கான் முகத்தில் பெரிதாக எந்தப் பாவமும் இல்லை. வலியால் சுளிக்கவில்லை, அழவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. களைத்துப் போயிருக்கிறார், அவ்வளவுதான். படத்தில் இருக்கிற பரிவு அவர் முகத்தில் இல்லை, அவரைத் தாங்குகிறவற்றில் இருக்கிறது. அதைக் கவனித்தது பால்சந்தின் கண். அதைக் கவனிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தை.

ஜஹாங்கீருக்குத் தன் ஓவிய அறிவில் பெருமை அதிகம். ஒரே படத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் வரைந்திருந்தால்கூட யார் யார் எதை வரைந்தார்கள் என்று சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் இந்தத் திண்டைப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். உன் பின்னால் விட்டுப்போகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று அவர் சொன்னது, அந்தத் திண்டை வைத்தவர்களையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் ஆசை. அப்படியே வச்சுக்குங்க.

சாகிறவரைப் படம் எடுக்கலாமா, வரையலாமா? இப்பவும் எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு பதில் என்கிட்ட இல்லை. கேட்காமல் எடுத்தது தப்பு. அதை இப்பவும் தப்புன்னுதான் சொல்வேன். ஆனா எடுத்த பிறகு ஒளிச்சு வச்சது அதைவிடப் பெரிய தப்பு. ஜஹாங்கீர் அந்தப் படத்தை ஒளிக்கவில்லை, எழுத்தில் காரணத்தையும் சேர்த்து வைத்தார். அதனால்தான் 400 வருஷம் கழித்தும் நாம் அவரைக் கேள்வி கேட்க முடிகிறது.

இரண்டு படங்களையும் பாஸ்டன் அருங்காட்சியகம், போட்லியன் நூலகம் ஆகியவற்றின் இணையதளங்களில் பார்க்கலாம். பெரிதாக்கிப் பாருங்க. முதல்ல எலும்புதான் தெரியும். கொஞ்சம் பொறுத்துத் திண்டுகளைப் பாருங்க.

மாமா போட்டோவை அரியலூரில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அத்தைகிட்டக் கொடுத்துட்டேன். லைசென்ஸ் போட்டோ ஹாலில் அப்படியே இருக்கு. இதை அத்தை பீரோவுக்குள்ள, நகைப்பெட்டிக்கு அடியில வச்சிருக்காங்க.